வடிதுணியில் ஒரு பூ

எழுதுவது என் பழக்கம் அல்ல. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். உத்தியோகத்தில் எழுதியதெல்லாம் ஊர்ப் பெயர்களும் பிள்ளைகளின் பெயர்களும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். டாக்டர்கள் எழுத வேண்டிய விஷயத்தில், அம்மை குத்திக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன் பேனாவைத் தொடுவது அதிகப்பிரசங்கம் என்று யாருக்காவது பட்டால், அவர்கள் இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் படிக்கலாம். எனக்கு வருத்தமில்லை.

எங்கள் சுகாதார இலாகாவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் போன வாரம் என்னைத் தேடி வந்தார்கள். இப்போது ஊர்களில் வெள்ளைத் துணி கட்டி, பெட்டி வைத்துப் படம் காட்டுகிறார்கள். நல்ல கூட்டம் சேருகிறதாம். கை கழுவுவது, பானையை மூடுவது, பிள்ளைக்கு வெயில் காட்டுவது எல்லாம் படத்தில் வருகிறதாம். ஆனால் மறுநாள் அதே ஊருக்குப் போய்ப் பார்த்தால் பானை திறந்தபடியே இருக்கிறது என்றார்கள். "உங்க காலத்துல நீங்க என்னங்க பண்ணுனீங்க?" என்று கேட்டார்கள்.

"குடிக்கத் தண்ணி கேட்டேன்" என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். விளையாட்டில்லை. அதைப் பேசி விளங்கவைக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சேலத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். அம்மைப்பாலை விட்டு, கீறும் கருவியால் தோலை லேசாகக் கீற வேண்டும். ரத்தம் கொட்டக் கூடாது. காயும்வரை தாய் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கை பழகினால் போதும், பழகிவிட்டது. பழகாதது வாய். ஒரு வீட்டு வாசலில் நின்று, முன்பின் தெரியாத பெண்களிடம் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுவது எனக்குச் செத்துப் பிழைக்கும் வேலை. என் தலை தெருமுனையில் தெரிந்ததும் பிள்ளைகள் ராகிக் குதிருக்குப் பின்னால் ஒளிவார்கள். சில வீடுகளில் தாய்மாரும் ஒளிவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என்னிடம் இருந்த பயம், எனக்கு அவர்களிடம் இருந்த பயத்தைவிடக் குறைவு.

என்னைத் திருத்தியவர் எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நெட்டையான ஆள், மெதுவான குரல். நம் பக்கத்து ஆட்களைப் போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடத் தெரியாது. "என்ன இந்த ஆபீசரு மொட்டையாப் பேசுறாரு?" என்று ஜனங்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். ஆனால் அவர் எந்தத் தெருவுக்குப் போனாலும், அது பண்ணையக்காரர் தெருவானாலும் கூலிக்காரர் குடிசையானாலும், முதல் வார்த்தை ஒன்றுதான்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

ஆரம்பத்தில் அவருக்குத் தாகம் அதிகம் போலிருக்கிறது என்றே நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். தண்ணீர் கேட்டுவிட்டு, பானை இருக்கும் மூலை கண்ணில் படுகிற இடத்தில் நின்றுகொள்வார். பானை மூடியிருக்கிறதா, மூடி கையெட்டும் இடத்தில் இருக்கிறதா, மொள்ளும்போது செம்பு மட்டும் உள்ளே போகிறதா, விரலும் கூடப் போகிறதா, அந்த விரலில் நகம் எப்படி, அது சற்று முன் எதைத் தொட்ட விரல், இடுப்பில் இருக்கும் பிள்ளை அதே செம்பை வாயில் வைத்துக் குடித்துவிட்டுத் திரும்பப் பானைக்குள் போடுகிறதா, இத்தனையும் ஒரு செம்புத் தண்ணீர் வந்து சேருவதற்குள் பார்த்துவிடுவார். அதன்பின் "எந்தக் கிணத்துத் தண்ணி, நல்லா இருக்கே" என்பார். பதிலில் கிணறு தெரிந்துவிடும். தண்ணீரைக் குடிப்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்வார். குடிக்க முடியாது என்று கண்டால் முகத்தைக் கழுவிக்கொண்டு "அப்பாடா, குளிர்ந்தது" என்பார். யார் மனமும் நோகாது.

"கேள்வி கேட்டா எல்லாரும் நல்ல பதில்தான் சொல்லுவாங்கப்பா. பானையை மூடி வைக்கிறீங்களான்னு கேட்டா, ஆமாங்கன்னு சொல்லுவா. தண்ணி கேட்டுப் பாரு, வீடே தெரிஞ்சிடும்" என்றார்.

அவருடைய இரண்டாவது விதி, ஒரு வீட்டுக்கு ஒரு சொல். எத்தனை குறை கண்டாலும் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு குடியானவர் வீட்டில் நான் கண்ட குறைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றேன். அவரோ அந்தப் பெண்ணிடம், "இந்தப் பானைக்குக் காம்பு வெச்ச அகப்பை ஒண்ணு போட்டுக்கோம்மா, கை நனையாது" என்றார். அவ்வளவுதான். அடுத்த முறை போனபோது கொட்டாங்கச்சி அகப்பை தொங்கியது. அப்போது அடுத்த சொல்: "களி கிண்டும்போது முருங்கைக் கீரை கிள்ளிப் போடு."

அவள் சிரித்துவிட்டாள். "அதை ஒறம்பரை வந்தா ஆக்கமாட்டமுங்க. எங்களுக்குள்ள திங்கறதுங்க."

"விருந்தாளிக்கு வேண்டாம். உன் பிள்ளைங்களுக்குப் போடு."

எனக்கு எருமப்பட்டி நினைவும் இருக்கிறது. அங்கே ஒரு பண்ணையத்தில் கூடம், அடுக்களை, பானை எல்லாம் கண்ணாடி போல இருந்தன. பிள்ளைகளுக்கு மட்டும் ஓயாமல் கண்ணோயும் சளியும். அந்தம்மாள் தண்ணீர் கொண்டுவந்த செம்பு பளபளத்தது. பிறகு இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்தார். செம்பைக் கொடுத்த கையோடு அந்தம்மாள் முந்தானையால் ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள், அதே முந்தானையால் அடுத்த பிள்ளையின் கண்ணைத் துடைத்தாள். "ஆளுக்கு ஒரு துண்டுத் துணி கிழிச்சுக் குடும்மா" என்றார். அந்த வீட்டுக்கு அதுதான் அந்த ஒரு சொல்.

"அம்மை குத்துனா ஒரு நோய் நிக்கும்" என்று நடந்துகொண்டே சொல்வார். "மத்தது எல்லாத்தையும் வீட்டுப் பழக்கம்தான் நிறுத்தணும். யோசிச்சுச் செய்யறது பழக்கம் இல்லை. அது பாட்டுக்கு நடக்கணும், அடுப்புச் சாம்பலை அள்ளுற மாதிரி."

நானும் தண்ணீர் கேட்கத் தொடங்கினேன். கூச்சக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று கூச்சக்காரர்களுக்குத்தான் தெரியும். பேச்சை எப்படித் தொடங்குவது என்ற கஷ்டமே இல்லை. தண்ணீர் கேட்கிறவனை நம் பக்கத்தில் யாரும் விரட்டமாட்டார்கள்.

இனி நான் சொல்ல வந்தது.

ஜலகண்டாபுரத்துக்குச் சற்றுத் தள்ளி நெசவாளர்கள் நிறைந்த ஒரு சின்ன ஊர். ஊருக்குக் குடிதண்ணீர் ஒரே படிக்கிணறு. நரம்புச் சிலந்தி அந்த ஊரில் வருஷா வருஷம் வரும் விருந்தாளி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். காலில் கொப்புளம் எழும்பும், எரியும், உடையும், அதிலிருந்து வெள்ளை நூல் போல ஒரு புழு தலைநீட்டும். எரிச்சல் தாங்காமல் காலைக் கிணற்றுத் தண்ணீரில் வைப்பார்கள். புழு அங்கே குஞ்சுகளை விடும். அவற்றைத் தண்ணீரில் இருக்கும் பொடிப் பூச்சி தின்னும். அந்தப் பூச்சியோடு தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு அடுத்த கோடையில் சிலந்தி. படிகளை அடைத்துவிட்டு மேலிருந்து இறைக்கும் கிணறாக மாற்றினால் தீரும். அதற்கு மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டிருந்தோம். அனுமதி வரும்வரை வீட்டுக்கு வீடு தண்ணீரைத் துணியில் வடிகட்ட வேண்டும் என்பது எங்களுக்கு வந்த உத்தரவு.

எங்கள் சொல்லை முதலில் எடுத்துக்கொண்டவள் நல்லம்மாள். அவள் புருஷன் செங்கோடன் தறியில் உட்கார்ந்தால் பேசமாட்டான், எழுந்தாலும் பேசமாட்டான். மகள் பாவாயிக்கு அப்போது பேச்சு வந்து, பேச்சு நிற்காத வயது. செங்கோடனின் அண்ணன் காளியப்பன் பக்கத்து வீடு. தம்பிக்கும் சேர்த்து அவரே பேசுவார். தறிச் சத்தம் தெரு முழுக்க இருந்தாலும் அவர் குரல் அதற்கு மேலே கேட்கும்.

"ஏனுங்க, எங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் வடிகட்டியா குடிச்சாங்க? அவுங்க நெஞ்சுல என்ன, சல்லடையா வெச்சிருந்தாங்க?" என்பார். நல்லம்மாள்தான் உள்ளேயிருந்து, "அவுங்களும் நொண்டித்தானுங்க மாமா நடந்தாங்க" என்பாள்.

அவள் தன் வீட்டுத் தறியில் நெய்த நெருக்கமான துணியைப் பானை வாய்க்குக் கட்டினாள். ஒரு நாளும் தவறாமல் வடிகட்டினாள். அவளைப் பார்த்துத் தெருவில் பல வீடுகள் துணி கட்டின. புழு உடம்பில் வளர ஒரு வருஷம் ஆகும் என்பதால், "முதல் கோடையை விட்டுடு, அடுத்த கோடையைப் பாரு" என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

அந்த அடுத்த கோடையில் நான் போனபோது தெருவில் தறிக்கான பாவு நூலை விரித்து, கஞ்சி தோய்த்து, குச்சி கொடுத்துக் காயவைத்திருந்தார்கள். காளியப்பன் பாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே கையைத் தட்டினார்.

"வாங்க, வாங்க, வடிகட்டி வாத்தியாரே! எந்தம்பி பொண்டாட்டி ரண்டு வருசமாப் பானைக்கு வேட்டி கட்டுனா. வேட்டி கட்டாத என்ற ஊட்டுப் பசங்க ஓடித் திரியறானுங்க. வேட்டி கட்டுன ஊட்டுக்குத்தான் சிலந்தி வந்திருக்குது. போய்ப் பாருங்க!"

பாவாயியின் கணுக்காலில் கொப்புளம். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். வீட்டில் தூளி கட்டியிருந்தது. அதில் கந்தன், பாவாயியின் தம்பி. அப்போதுதான் சங்கில் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தான்.

தெருவைத் திரும்பிப் பார்த்தேன். பானைகளின் வாயில் துணி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் வடிதுணியைக் கிழித்துப் பிள்ளைக்கு அரைஞாணில் கோவணமாகக் கட்டியிருந்தாள். அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஒழுங்காக வடிகட்டிய ஒரே வீட்டில் சிலந்தி வந்தால் வேறு என்ன செய்வார்கள்? நல்லம்மாளும் துணியை எடுத்துவிட்டால், அதன்பிறகு அந்த ஊரில் யாரும் எங்கள் சொல்லைக் காதில் போடமாட்டார்கள். தூளியில் கிடப்பவன் குடிக்கப்போகும் தண்ணீரை நினைத்தபோது என் கூச்சம் கொஞ்சம் பின்னுக்குப் போனது.

வழக்கம் போல, "குடிக்கத் தண்ணி குடுங்க" என்றேன்.

நல்லம்மாள் எழுந்திருக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காளியப்பன் தன் வீட்டுக்குள் போய் ஒரு செம்பு கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தாங்க. வடிகட்டாத தண்ணி. ரண்டும் ஒண்ணுதானுங்களே, குடிங்க."

குடித்தால் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டதாகும். மறுத்தால் அவரை அவமதித்ததாகும். இன்ஸ்பெக்டராக இருந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டிருப்பார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. செம்பை இரண்டு கையாலும் வாங்கினேன், கீழே வைத்தேன். என் குரல் எனக்கே கேட்காத மாதிரி வந்தது.

"உங்க தண்ணி நல்ல தண்ணிதானுங்க. ஆனா நான் அந்த அம்மிணி வடிகட்டுன தண்ணிதானுங்க குடிப்பேன்."

நல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள். "என்ற தண்ணியக் குடிச்சுத்தானுங்க புள்ளைக்குச் சீக்கு."

"இருக்கட்டுமுங்க. எனக்கு முன்னால ஒரு தடவை வடிகட்டுங்க."

அவள் எழுந்தாள். அப்போதுதான் கிணற்றிலிருந்து கொண்டுவந்து வைத்த இரண்டு குடம் தண்ணீர் இருந்தது. பெரிய பானையின் வாயில் துணியை விரித்து, ஓரத்தைக் கயிற்றால் இறுக்கி, நடுவில் லேசாகக் குழித்துவிட்டாள். முதல் குடத்தை மெதுவாகச் சாய்த்தாள். துளி சிந்தவில்லை. துணியின் மேல் பாசித் துணுக்கும் தூசியும் பச்சையாகத் தங்கின. நானே சொல்லிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

பிறகு கயிற்றைத் தளர்த்தினாள். துணியை எடுத்தாள். திருப்பிப் போட்டாள். பச்சைப் பக்கம் உள்ளே போனது, வெள்ளைப் பக்கம் மேலே வந்தது. கயிற்றை இறுக்கிக்கொண்டு இரண்டாவது குடத்தை எடுத்தாள்.

"அம்மிணி, துணிய எதுக்குங்க திருப்புனீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அழுக்குப் பக்கத்துல எப்பிடிங்க நல்ல தண்ணிய ஊத்தறது? சுத்தமா இருக்கோணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. அதுவுமில்லாம ஒரே பக்கமா ஊத்துனா அந்தப் பக்கமே தேஞ்சு போயிருமுங்க. நெய்யற ஊட்டுல துணிய ஒருபக்கமாத் தேய உடமாட்டோமுங்க."

துணியின் அருமை தெரியாத வீடாக இருந்தால் அழுக்குத் துணியை அப்படியே போட்டு வைத்திருப்பார்கள், ஒருவேளை பிள்ளை தப்பியிருக்கும். இவள் சுத்தக்காரி, நெசவுக்காரி. மேலே பிடித்த பூச்சியையெல்லாம் இரண்டாவது குடத்துத் தண்ணீரால் கழுவி, தானே பானைக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு வந்த உத்தரவில் வடிகட்டு என்று இருந்ததே தவிர, எந்தப் பக்கம் என்று இல்லை. வெற்று நெசவுத் துணிக்கு இரண்டு பக்கமும் ஒன்று போலத்தானே இருக்கும்?

என்னிடம் கை கழுவ ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் எப்போதும் இருக்கும். வேறொரு பானை கொண்டுவரச் சொன்னேன். துணியைத் திருப்பும் முன் வடித்த முதல் குடத்துத் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து வெயிலில் வைத்தேன். தெளிவாக இருந்தது. பிறகு திருப்பிய துணியை அந்த வேறு பானையில் கட்டி, இரண்டாவது குடத்தை அவள் வழக்கப்படி ஊற்றச் சொல்லி, அந்தத் தண்ணீரை எடுத்தேன். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கிண்ணத்தைக் காளியப்பனிடம் நீட்டினேன்.

அறுந்த இழையைத் தறிக்கு அந்தப் பக்கமிருந்தே கண்டுபிடிக்கும் கண் அவருக்கு. கிண்ணத்தை வெயிலுக்குச் சாய்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அடேய்! குதிக்குதுடா!" என்று கத்தினார். "இத்தனிக்காணும் பொடிசா, வெள்ளையா... செங்கோடா, இங்க வாடா, தறிய உட்டுட்டு வா!"

கிண்ணம் கைக்குக் கை போனது. பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். காளியப்பன் தரையில் வைத்திருந்த தன் செம்பைப் பார்த்தார். அதையும் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தார். அதில் இன்னும் அதிகமாகக் குதித்தன.

"இதையா நாங்க குடிச்சுக்கிட்டிருக்கறோம்?"

"நாங்க பாதிதானுங்க மாமா குடிச்சோம்" என்றாள் நல்லம்மாள். "நீங்க முழுசும் குடிச்சீங்க."

தெரு சிரித்தது. காளியப்பனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

சிரிப்பு பாவாயியின் காலைக் குணப்படுத்தாது. கொப்புளம் உடைந்து புழு தலைநீட்டியதும் காளியப்பன் சூடு போட்டுவிடலாம் என்றார். இழுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும், மடங்கியது மடங்கியபடி நின்றுபோன கால்களை அந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியது ஒன்றுதான். குளிர்ந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி, புழு தானாகத் தளரும் அளவுக்கு மட்டும் ஒரு மெல்லிய குச்சியில் சுற்றி, குச்சியைக் காலோடு வைத்துக் கட்டிவிட வேண்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம். ஊற்றிய தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் கொண்டுபோகாமல் காய்ந்த மண்ணில் கொட்ட வேண்டும்.

பக்கத்து ஊர்களில் அம்மை குத்திவிட்டுத் தினமும் அந்த வழியாகத் திரும்பினேன். பாவாயியின் காலை அசையாமல் பிடிக்கும் வேலையைக் காளியப்பனுக்குக் கொடுத்தேன். வாய்க்கும் வேலை வேண்டுமே, அவர் பாட்டுக்கு ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருப்பார். பாவாயி கதையைக் கேட்டபடியே குச்சியைப் பார்ப்பாள்.

"ஏனுங்க, அது ஏன் என்ற காலுக்குள்ள வந்துச்சு? அதுக்கு ஊடு இல்லீங்களா?"

"இருந்துச்சு சாமி. நாமதான் தண்ணியோட சேத்து முழுங்கிட்டோம்" என்றேன்.

"அப்ப மறுக்கா வருமா?"

"உங்கம்மா உடமாட்டாங்க."

ஒரு நாள் மாலை, அறுந்துவிடுமோ என்று பயமாகிவிட்டது. புழு குச்சியில் இறுகிக்கொண்டு வரமறுத்தது. விட்டுவிட்டேன். ஈரத் துணி போட்டு உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்து அது தானாக இளகியது. கடைசி முனையும் முழுதாக வெளியே வந்த அன்று காளியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தன் வீட்டுக்குப் போய்த் தன் பானைக்குத் துணி கட்டச் சொல்லி மனைவியிடம் சத்தம் போட்டது எங்களுக்குக் கேட்டது.

துணியின் மேல்பக்கத்துக்கு எப்படி அடையாளம் வைப்பது என்பது அடுத்த கேள்வி. ஒரு பக்கத்தில் மையால் புள்ளி வைக்கலாம் என்றேன்.

"வெளுத்தாப் போயிருமுங்க" என்றாள் நல்லம்மாள். "நான் கட்டுனாச் செரி. பாவாயி கட்டுனா? இருட்டுல கட்டுனா?"

அப்போது தறியிலிருந்து செங்கோடனின் குரல் வந்தது. அது எங்கள் பேச்சுக்குள் வந்ததில் எல்லாருமே திரும்பிப் பார்த்தோம்.

"சாயம் போகாத சேப்பு நூல் கெடக்குது. நடுவுல ஒரு பூப் போட்டுருலாமுங்க. மேல பூ இருக்கும், பின்பக்கம் நூல் தொங்கும். தடவுனாலே தெரியும்."

அப்படியே நெய்தான். சின்னப் பூ, நாலு இதழ். பூ மேலே பார்க்க வேண்டும், எப்போதும். வடித்து முடித்ததும் துணியைத் திருப்பாமல் எடுத்து, கிணற்றுக்குத் தூரமாகக் கொண்டுபோய் உதறி, பூ சூரியனைப் பார்க்க வெயிலில் காயப்போட வேண்டும். தெருவில் மற்ற வீடுகளும் கேட்டன. செங்கோடன் தன் வேலைக்கு நடுவே நெய்து கொடுத்தான். பெரியவர்கள் மறந்தாலும் பிள்ளைகள் மறக்கவில்லை. ஒரு வீட்டில் பானை கட்டும்போது எந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்தாலும், "பூப் பாக்குதா?" என்று கேட்கும். "பாக்குது" என்று பதில் வந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார்கள். பாவாயி அதை ஊருக்கே அதிகாரியாக இருந்து நடத்தினாள்.

சில வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். நடந்ததையெல்லாம் நான் வழியிலேயே சொல்லியிருந்தேன். அவர் ஒன்றும் கேட்காதது போல நடந்து வந்து, நல்லம்மாளின் வாசலில் நின்றார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

பானை மூடியிருந்தது. காம்பு வைத்த அகப்பையால் மொண்டாள். செம்பைக் கழுவி ஊற்றினாள். காயும் துணியில் பூ வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார். செம்பைத் தூக்கி, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார். நல்லம்மாள் காத்துக்கொண்டு நின்றாள். ஒரு வீட்டுக்கு ஒரு சொல் என்பது அவளுக்கும் தெரியும்.

"இந்த வீட்டுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் உள்ளே போய்விட்டாள். என்னோடு திரும்பி நடக்கும்போது, இனிப் போகும் ஊரிலெல்லாம் துணியின் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். அன்று முதல் சொன்னோம்.

புழுவின் கணக்கு நீளமானது. அந்தக் கோடையில் பூ போட்ட துணி வந்தது என்றால், அதற்கு முன் குடித்தவர்களுக்கு அடுத்த கோடையிலும் சில கால்களில் கொப்புளம் வரும். வந்தது. ஆனால் இந்த முறை யாரும் துணியைக் கிழிக்கவில்லை. கொப்புளம் வந்தவர்களைப் படியில் கால் வைக்கவிடாமல் காளியப்பன் கிணற்றடியில் நின்று கத்தினார். அந்தக் குரலுக்கு ஒரு நல்ல உத்தியோகம் கிடைத்தது என்று நல்லம்மாள் சொன்னாள். எனக்கு வேண்டியது அதற்கும் அடுத்த கோடை. கந்தன் பிறந்ததிலிருந்து அவன் வாய்க்குப் போன தண்ணீர் ஏறக்குறைய எல்லாம் பூத்துணியில் வடித்தது. துணி சொன்னது நிஜமா என்பதை அவன் கால்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கோடை வந்தது. தெருவில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் கால் பார்த்தேன். காளியப்பன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கந்தன் ஓடினான். பாவாயி அவனைத் துரத்திப் பிடித்து இழுத்துவந்தாள். அவள் ஓடுவதை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவள் கணுக்காலில் ஒரு சின்னத் தழும்புதான் இருந்தது. பையன் என் மடியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் உதைத்தான். பாதம், விரலிடுக்கு, கணுக்கால், ஆடுசதை, முழங்கால் எல்லாம் தடவிப் பார்த்தேன். புழுதியைத் தவிர ஒன்றுமில்லை. மறுபடியும் பார்த்தேன். தெருவில் வேறு எந்தக் காலிலும் இல்லை.

"என்னுங்க?" என்றாள் நல்லம்மாள்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "குடிக்கத் தண்ணி குடுங்க."

வேலையில் பிறகும் பல வருஷம் இருந்தேன். அம்மைத் தழும்பு இருக்கிறதா என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எந்தப் பிள்ளை திடமாக வளரும் என்பதை அந்தக் கையை வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் சொல்லிவிடுவேன். படம் காட்டுகிறவர்கள் நன்றாகக் காட்டட்டும். படம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பாமல், ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்கட்டும்.

கந்தனின் காலைப் பார்த்ததற்கு மறுநாள், வெகு நாளைக்கு முன் எழுதிக் கேட்டிருந்த உத்தரவு ஒருவழியாக வந்துசேர்ந்து, கொத்தனார்கள் வந்து படிக்கிணற்றின் படிகளை அடைக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் நல்லம்மாள் வீட்டிலிருந்து போனது.